ஏணிக்கு லீவு

என் சகலைக்குத் தொழில் வெள்ளையடிப்பது. அப்படிச் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பெயிண்டர் என்றுதான் சொல்ல வேண்டும். அக்கா தங்கையைக் கட்டிக்கொண்ட வகையில் அவரும் நானும் சகலைகள். அக்கா எனக்கு, தங்கை அவருக்கு. நான் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் மெஷினுக்கு முன்னால் நிற்கிறவன். நான் கலந்து கொடுப்பதை அவர் கொண்டுபோய்ப் பூசுவார். எந்த வீட்டுச் சுவராவது திட்டுத்திட்டாகத் தெரிந்தால் நான் அவர் கையைக் குறை சொல்வேன், அவர் என் மெஷினைக் குறை சொல்வார். மற்றபடி எங்களுக்குள் சண்டை கிடையாது.

அவருக்குப் பட்டப்பெயர் ‘இன்னொரு கோட்டு’. கூலி பேசியபடி இரண்டு கோட்டு அடித்து முடிந்திருக்கும். வீட்டுக்காரர்கள் கட்டிலையும் பீரோவையும் கூடத்து நடுவில் குவித்துவிட்டு, எப்போது உட்கார்ந்து சாப்பிடுவோம் என்று காத்திருப்பார்கள். இவர் பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பார். “இன்னொரு கோட்டு அடிச்சிடலாமே” என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாலும் விட மாட்டார்.

யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோதும் அப்படித்தான். வாங்க மாப்பிள்ளை என்று மாமனார் வாயைத் திறப்பதற்குள் நாலு இடத்தில் தட்டிவிட்டு, “மாமா, உங்க சுவத்துல ஈரம் ஏறியிருக்கு” என்றார். அன்றிலிருந்து மாமனாருக்கு நான்தான் நல்ல மாப்பிள்ளை. அதற்காக நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இப்பேர்ப்பட்டவருடைய சொந்த வீடு எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? குடிவந்த வருஷம் சுவரைச் சமன்செய்யப் பட்டி பார்த்ததோடு சரி. பெயிண்ட் என்பதே அதன் மேல் பட்டதில்லை. பட்டதில்லை என்று சொல்வதும் தப்பு. சமையலறைக்குப் பக்கத்துச் சுவரில், ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் நிறம் எப்படிக் காய்கிறது என்று பார்க்க ஒரு தீற்று தீற்றி வைப்பார். ஊரிலுள்ள வீடுகளெல்லாம் அந்தச் சுவரில் இருந்தன. வருகிறவர்கள் தேடிப் பார்த்து, “இதோ எங்க வீடு” என்று காட்டிவிட்டுப் போவார்கள். என் மச்சினி மட்டும் அந்தச் சுவரைப் பார்க்காமலே சமைத்துக்கொண்டிருந்தாள்.

அவர்களுடைய ஒரே மகளுக்கு வெளியூரில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. பிரயாணம் தாங்குகிற அளவுக்குக் குழந்தை தேறியதும் அழைத்துக்கொண்டு வருவதாக மகள் சொன்னாள். மச்சினி அன்றைக்கே கணவரைப் பிடித்துக்கொண்டாள். “பேத்தி வர்றதுக்குள்ள வீட்ட அடிச்சு முடிக்கணும். இல்லைன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்.” அவரும் தலையாட்டினார். மனசாரத்தான் ஆட்டினார். வினை ஏணி வழியாக வந்தது.

அவருடையது மூங்கில் ஏணி. இரண்டு பக்கமும் தடித்த மூங்கில், நடுவில் படிகள், மேலே உலகத்திலுள்ள எல்லா நிறமும். அலுமினிய ஏணி சத்தம் போடும், வெயிலில் சுடும், மனுஷனுக்கு வளைந்து கொடுக்காது என்பது அவர் கட்சி. ஒருநாள் அந்த ஏணியின் அடியில் மஞ்சள் தூள் கொட்டிக் கிடந்தது. கரையான் என்று நினைத்து உதறிவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு பல் டாக்டர் வீட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார்.

அங்கே மேலே ஏறி பிரஷை முக்கியபோது ‘உம்ம்ம்’ என்று ஓர் அதிர்வு. சட்டைப்பையில் ஃபோன். பெயிண்ட் கையோடு எடுத்து, “ஹலோ, யாரு?” என்றிருக்கிறார். பதில் இல்லை. பையில் போட்டார். மறுபடியும் உம்ம்ம். மறுபடியும் ஹலோ. கடைசியில் எனக்கு அடித்தார்.

“சகல, நீங்க கூப்பிட்டீங்களா?”

“நான் எங்க கூப்பிட்டேன்? இங்க கஸ்டமர் நிக்கிறாங்க.”

“பின்ன யாரு விடாம கூப்பிடுறா? இப்பக்கூட அடிக்குது சகல.”

“என்கூட பேசிட்டிருக்கும்போது எப்படி அடிக்கும்?”

அவர் யோசித்தார். அவர் யோசிப்பது எனக்கு ஃபோனில் கேட்டது. அப்புறம் “ஐயோ!” என்று ஒரு சத்தம். அதற்குப் பின்னால் டப்பா உருண்டது. ஏணியின் வலதுபக்க மூங்கிலில், மேல்படிக்குப் பக்கத்தில், டிரில்லிங் மெஷினால் போட்ட மாதிரி வட்டமாக ஒரு துளை. அதிலிருந்து பெரிய கருவண்டு ஒன்று வெளியே வந்து அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, ஏணியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பறந்திருக்கிறது.

வண்டு என்று நாம் சொல்கிறோமே தவிர அது தேனீ சாதிதான். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் செல்போனில் தேடிப் படித்தேன். இந்தச் சாதியில் ராணி இல்லை, ஏவல் செய்யக் கூட்டம் இல்லை, தேனடையும் இல்லை. ஒருத்தி, ஒரு வீடு; அத்தனை வேலையும் அவள் தலையில். பல்லால் மூங்கிலைத் துளைத்து உள்ளே போவாள். பூப்பூவாய் அலைந்து மகரந்தமும் தேனும் கொண்டுவந்து, பிசைந்து ஓர் உருண்டை வைப்பாள். அதன்மேல் ஒரு முட்டை. பிறகு மூங்கில் தூளைக் குழைத்து ஒரு தடுப்புச் சுவர். அந்தப் பக்கம் இன்னோர் உருண்டை, இன்னொரு முட்டை, இன்னொரு சுவர். பட்டி பார்க்க ஆளும் இல்லை, கலந்து கொடுக்கச் சகலையும் இல்லை.

என் சகலை அன்று அரைகுறையாக வேலையை நிறுத்திவிட்டு ஏணியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் காலையில் டாக்டர் மனைவி கூப்பிட்டார்கள்.

“பெயிண்டர், உங்க வண்டு ஒண்ணு எங்க வீட்டுல இருக்கு.”

“என் வண்டாம்மா?”

“நீங்க ஏணி சாத்தியிருந்த இடத்தையே சுத்திச் சுத்தி வருது. சுவத்துல முட்டுது. ஈரப் பெயிண்டுல கால வச்சு கோடு கோடா இழுத்திருக்கு. வந்து பாருங்க.”

கோட்டைச் சரிசெய்யத்தான் போனார். போனவர் பிரஷை எடுக்கவே இல்லை. துளை எந்த உயரத்தில் இருந்ததோ, அதே உயரத்தில், ஒன்றுமில்லாத வெறும் காற்றில் அது தேடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வரும், நிற்கும், சுவரில் இடிக்கும், விலகும், மறுபடி வரும். காலில் மகரந்தம் அப்பியிருந்தது. அது ஞாபகம் வைப்பது இடத்தை. ஏணி என்ற ஒன்றை மனுஷன் தூக்கிக்கொண்டு போவான் என்பது அதற்கு எப்படித் தெரியும்? இவர் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய் ஏணியைத் தூக்கிவந்து, தரையில் பழைய தடம் பார்த்து அதே இடத்தில் சாத்தினார். அது நேராக உள்ளே போய்விட்டது.

உடனே எனக்கு ஃபோன். “சகல, நான் அவ வீட்டத் தூக்கிட்டுப் போயிட்டேன்.”

நான் சிரித்தேன். அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் அது உள்ளே அடங்கும்வரை காத்திருந்து, துளைமேல் துணியைக் கட்டி, தொட்டில் பிள்ளையைச் சுமப்பவர் மாதிரி ஏணியை அலுங்காமல் கொண்டுவந்து தன் வீட்டு முன்சுவரில் சாத்தினார். காலையில் துணியை அவிழ்த்தார். வெளியே வந்த கருவண்டு போய்விடவில்லை. துளையைப் பார்த்தபடியே பின்பக்கமாகப் பறந்தது. சின்ன வட்டம், பிறகு பெரிய வட்டம், இன்னும் பெரிய வட்டம். புது விலாசத்தை மனப்பாடம் செய்துவிட்டுத்தான் கிளம்பியது. அதைப் பார்த்தபிறகு இவர் ஏணிக்கு லீவு கொடுத்துவிட்டார். எங்கள் கடையிலிருந்து அலுமினிய ஏணியை வாடகைக்கு எடுத்து, அதைத் திட்டிக்கொண்டே பல் டாக்டர் வீட்டை முடித்தார்.

ஆனால் லீவில் இருந்த ஏணி நின்ற இடம் இருக்கிறதே, அது பேத்தியைப் படுக்கவைக்கப்போகும் அறையின் ஜன்னலுக்குப் பக்கம். மச்சினி சும்மா இருப்பாளா?

“ஏணிய எடுங்க.”

“உள்ள குஞ்சுங்க இருக்கு. வெளிய வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறு.”

“பிள்ள வர்ற வீட்டுல வாசல்லயே வண்டா? சுவத்த எப்ப அடிப்பீங்க?”

“அடிக்கலாம். அவ போகட்டும்.”

“பேத்தி பெருசா, வண்டு பெருசா?”

கொஞ்சம் விவரமுள்ள எந்தப் புருஷனும் இந்தக் கேள்விக்கு மூச்சு விடுவதற்குள் பதில் சொல்லியிருப்பான். என் சகலை யோசித்தார். அந்த யோசனையில்தான் குடி கெட்டது. மச்சினி பையில் துணியை அடைத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வீடு அடித்து முடியாமல் அந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று சபதம்.

எங்கள் வீட்டில் இருப்பதே ஓர் அறை, ஒரு கூடம். அறையும் அதிலிருந்த நல்ல ஃபேனும் அக்கா தங்கைகளுக்குப் போயின. எனக்கு ஃபிரிட்ஜுக்கும் செருப்பு வைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு பாய். என் குறைகளை இத்தனை வருஷமாக என் மனைவி தனியாளாகக் கண்டுபிடித்து வந்தாள். இப்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே சாட்சி இருந்தது. கருவண்டு எப்போது குடும்பத்தோடு வெளியேறும் என்று நான் செல்போனில் தேடித்தேடிப் படித்தது அறிவு தாகத்தால் அல்ல.

ஆனால் மச்சினி தினம் காலையில் தன் வீட்டுக்குப் போய் வந்தாள். வாசலில் பழைய பெயிண்ட் டப்பாக்களில் அவள் வைத்த கத்தரிச் செடிகள் இருந்தன. புருஷன்மேல்தான் கோபம், செடி என்ன பாவம் செய்தது? தண்ணீர் ஊற்றுவாள். அவர் கதவோரம் நிற்பார். இவள் செடியை மட்டும் பார்ப்பாள். திரும்பி வந்து எங்கள் வீட்டுப் பாத்திரம் கழுவும் குழாயிடம், “ஆளு பாதியா போயிட்டாரு. என்ன சாப்பிடுறாரோ” என்பாள். குழாய் என்ன பதில் சொல்லும்?

இப்படியிருக்கும்போது மகள் ஃபோனில் நாள் சொன்னாள். மச்சினி யோசித்துவிட்டு, “நேரா பெரியம்மா வீட்டுக்கு வந்துடு” என்று சொல்லிவிட்டாள். அதைச் சகலையிடம் போய்ச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. சொன்னேன். அவர் கையிலிருந்த, சுவர் தேய்க்கும் உப்புத்தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“முதமுதல்ல பெரியம்மா வீட்டுக்கா?”

“ஆமா.”

“சரி” என்றார். பேத்தி பிறந்த சேதி வந்ததும் தெருவில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி, தெரிந்தவரா தெரியாதவரா என்றுகூடப் பார்க்காமல் சொன்ன மனுஷர். அன்று எனக்கு அவரைக் கிண்டல் செய்ய வாய் வரவில்லை.

மறுநாள் ஒரு தலையணை உறையோடு கடைக்கு வந்தார். வெளிர் மஞ்சள். அந்த நிறம் அப்படியே வேண்டும் என்றார். யாருக்கு என்று கேட்டேன். “ஒரு பார்ட்டிக்கு” என்றார். கலந்து கொடுத்தேன். இரண்டு நாளில் அதே நிறம் இன்னொரு டப்பா. பிறகு இன்னொன்று. அந்த உறையை எங்கேயோ பார்த்த ஞாபகம் என்னை அரித்தது. எங்கள் வீட்டில் மச்சினி வேறு, ஜோடி உறையில் ஒன்றைக் காணோம் என்று பையைத் தலைகீழாகக் கொட்டித் தேடிக்கொண்டிருந்தாள். அவள் கையால் தைத்தது. அந்த நிறத்தில் ஒரு வீடு வேண்டும் என்று கல்யாணமான புதிதில் சொல்லி, பிறகு சொல்வதையே விட்டிருந்தாள்.

கடை மூடியதும் அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே எல்லா அறையும் மஞ்சள். சமையலறைப் பக்கம் ஊர் முழுக்கக் குடியிருந்த அந்தச் சுவரும் மஞ்சள். குழந்தைக்கான அறையில் அவர் நாலாவது கோட்டு அடித்துக்கொண்டிருந்தார்.

“போதும் சகல. இன்னும் அடிச்சா ரூம் சின்னதாயிடும். போய் மச்சினிகிட்ட சொல்லுங்க.”

“சொல்லி வரக் கூடாது. அவளா வந்து பார்க்கணும்.”

“அவதான் படி மிதிக்க மாட்டேங்கிறாளே!”

“அதான் பார்க்கிறேன்” என்று ரோலரை என் கையில் கொடுத்தார். சமாதானம் பேசப் போனவன் ஒரு சுவரை அடித்தேன். ஜன்னலுக்கு வெளியே இன்னொரு கருவண்டு அந்தரத்தில் நின்று, வருகிறவன் போகிறவனையெல்லாம் எதிர்த்துக்கொண்டிருந்தது. “அது ஆணு. வெறும் உருட்டு மிரட்டல்தான். அதுக்குக் கொடுக்கே கிடையாதாம்” என்றேன். பெண் அப்படியில்லை என்று சொல்லத் தொடங்கும்போது அவர் தண்ணீர் எடுக்கப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை. மச்சினி செடிக்குத் தண்ணீர் ஊற்ற, குடம் தூக்க நான் கூடப் போயிருந்தேன். சகலை கதவோரத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்தார். பல நாள் ஒத்திகை பார்த்த முகம்.

“இங்க பாரு. நீ பயப்படுறதுக்கு ஒண்ணுமே இல்ல. இதுக்குக் கொடுக்கே கிடையாது. படிச்சவங்க எழுதியிருக்காங்க. வேணும்னா பாரு.”

வேண்டாம் என்று நான் இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் ஏணியில் ஏறி ஆள்காட்டி விரலைத் துளைக்குள் விட்டார். வீட்டுக்காரி வீட்டில் இருந்தாள்.

அந்த அலறலை நான் எழுத்தில் தர முடியாது. எத்தனையோ உயரத்தில் தொங்கி வேலை பார்த்தவர், நாலு படியிலிருந்து பொத்தென்று இறங்கி, விரலைப் பிடித்துக்கொண்டு குதித்தார். மச்சினி கையிலிருந்த தண்ணீர் மக்கைக் கீழே போட்டாள். சபதத்தையும் அங்கேயே போட்டாள். படியைத் தாண்டி உள்ளே ஓடினாள். வெள்ளையடிக்கிறவர் வீட்டில் சுண்ணாம்புக்குப் பஞ்சமா? ஓடியவள் வெளியே வரவில்லை.

நான் போய் எட்டிப் பார்த்தேன். விரல்நுனியில் சுண்ணாம்போடு குழந்தையின் அறை நடுவில் நின்றுகொண்டிருந்தாள். ஜன்னல் கட்டையில் அவளுடைய தலையணை உறை, துவைத்து மடித்து. சுவரை ஒரு தடவை தொட்டாள். பின்னாலேயே சகலை வந்து, வீங்கிய விரலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

“இன்னொரு கோட்டு பாக்கி இருக்கு” என்றார்.

“அறிவு இருக்கா உங்களுக்கு? கொட்டுற பூச்சி வீட்டுக்குள்ள யாராவது விரல விடுவாங்களா? கண்ணுல பட்டிருந்தா? கீழ விழுந்து கால உடைச்சிருந்தா?” வாய் திட்டிக்கொண்டே இருந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, கை சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே இருந்தது. அவர் விரலைக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்று சாயங்காலமே என் கட்டிலும் ஃபேனும் திரும்பக் கிடைத்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு வெளிச்சுவர். ஏணியை அங்குலம்கூட நகர்த்தாமல், அலுமினிய ஏணியில் நின்று, படிகளுக்கு நடுவே சின்ன பிரஷை விட்டு அவர் அடித்த அழகைப் பார்க்கத் தெருவே நின்றது. அந்த ஜன்னலுக்கு நான் வலை அடித்துக் கொடுத்தேன். மகள் குழந்தையோடு நேராக அந்த வீட்டு வாசலில்தான் வந்து இறங்கினாள். ஏணியருகில் கேட்ட சத்தத்தில் அவள் தயங்கி நின்றாள்.

“பயப்படாம வா” என்றாள் மச்சினி. “அவ பாட்டுக்கு அவ இருப்பா. உங்கப்பா மாதிரி விரல விடாம இருந்தா சரி. உள்ள அவளுக்கும் பிள்ளைங்க இருக்கு.”

பேத்தியை முதலில் தாத்தாதான் வாங்கினார். தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே போய், பழக்கதோஷத்தில் சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. அவருக்கு அதுவும் சந்தோஷமாகவே இருந்தது.

சில வாரத்தில் துளை வாயில் புதுக் கருப்பு முகங்கள் தெரிந்தன. வளர்ந்த பிறகும் கொஞ்சநாள் அம்மா கொண்டுவருவதைத் தின்றுகொண்டு உள்ளேயே கிடந்தன. ஒவ்வொன்றாய்ப் போயின. ஒருநாள் அவளும் திரும்பவில்லை. மகள்கள் பிறந்த துளைக்கே திரும்பி வருவதுண்டு என்று படித்து எல்லோரிடமும் சொன்னேன். இதற்கிடையில் டப்பாக்களில் கத்தரிக்காய் கொத்தாகத் தொங்கியது. கருவண்டு பூவைப் பிடித்து உலுக்கினால் மகரந்தம் கொட்டிக் காய் பிடிக்கும் என்று செல்போனில் இருக்கிறது என்றேன். “தினம் நடந்து வந்து தண்ணி ஊத்துனது யாரு அத்தான்?” என்று மச்சினி கேட்டாள். நான் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மழைக்கு முன்னால், மூங்கில் நனைந்து கெடாமல் ஏணியைக் கூரைக்கடியில் போட வேண்டும் என்று என்னை உதவிக்குக் கூப்பிட்டார். இரண்டு பேருமாக எடுத்தோம். பளிச்சென்ற மஞ்சள் சுவரின் நடுவில், பெயிண்ட் படாத பழைய அழுக்குப் பட்டியில் ஓர் ஏணி அப்படியே நின்றது. இரண்டு நெடுங்கோடு, குறுக்கே படிகள், எதுவும் விட்டுப்போகவில்லை.

சகலை பின்னால் நகர்ந்தார். தலையைச் சாய்த்தார். ஒரு கண்ணை மூடினார். உள்ளே போய் மீதிப் பெயிண்டையும் பிரஷையும் எடுத்துவந்தார். என்ன கிண்டல் செய்வது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது, பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மச்சினி வாசலுக்கு வந்தாள்.

“பிரஷக் கீழ வைங்க.”

“ஒரே ஒரு கோட்டு...”

“வேணாம். மழை விட்டதும் ஏணிய இங்கயே கொண்டாந்து வைங்க. திரும்பி வர்றவளுக்கு இடம் தெரிய வேணாமா?”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு டப்பாவை மூடினார்.